வண்ணான் தெருவில் ஒரு தேடல்: தொடக்கப்பள்ளித் தமிழ் வகுப்பும் இணைய ஆய்வுப் பணியும்

தேக்காவில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால் அடுத்த நிலையமே டோபி காட். 1987 டிசம்பரில் வடக்கு-தெற்குப் பாதையும், 2003-இல் வடகிழக்குப் பாதையும், 2010-இல் வட்டப் பாதையும் அங்கு வந்து சேர்ந்தன. சிங்கப்பூரில் மூன்று பாதைகள் கூடிய முதல் நிலையம் அதுதான். நடைமேடைப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தில் 'டோபி காட்' என்று இருக்கிறது. சீன எழுத்துகளைப் படித்தால் 'துவோ மெய் க' என்று ஒலிக்கும். எழுத்துக்கு எழுத்து பொருள் பிரித்தால் 'பல இனிய பாடல்கள்' என்று வரும். இரு மொழிகளும் ஒலியை வாங்கிக்கொண்டு பொருளை விட்டுவிட்டன. துணி வெளுப்பவர்களின் படித்துறை என்பதே அந்த இந்துஸ்தானிப் பெயரின் பொருள்.

பெயருக்குக் காரணமான ஓடை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, ஆர்ச்சர்ட் சாலை ஓரத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடை பிறகு ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆனது. அந்த வட்டாரத்துக்குத் தமிழர்கள் வைத்திருந்த பெயர் 'வண்ணான் தெரு'. மார்க்கெட் ஸ்திரீட்டைச் செட்டித் தெரு என்றும், மூங்கில் புதரடி எனப் பொருள்படும் ஹொக்கியன் பெயரைத் தேக்கா என்றும் சொல்லிப் பழகிய அதே நாக்குகள் வழங்கிய பெயர் அது. பலகையில் அது ஏறவில்லை.

தொடக்கநிலை 4-இல் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை ஒன்று, "டோபி காட்னா என்ன?" என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் கைக்கணினி இருக்கிறது. பெயரைத் தட்டினால் பெரும்பாலும் ரயில் நேரங்கள், கடைத்தொகுதிகள், தங்கும் விடுதிகள்தான் முதலில் வந்து நிற்கும். அவற்றைத் தாண்டிப் போகப் பிள்ளைக்குப் பொறுமையும் இல்லை, வழியும் தெரியாது. கேள்வி நல்ல கேள்வி. விடையும் இணையத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் போடுகிறவர் யார் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். தொடக்கப்பள்ளியில் இணைய ஆய்வுப் பணி பயன் தருவதும் தராததும், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஆசிரியர் செய்து முடித்திருக்கும் தெரிவுகளைப் பொறுத்தது. தமிழ் வகுப்பில் அந்தத் தெரிவுக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு: தமிழில் படித்தாலொழியப் பணியை முடிக்க முடியாது என்ற நிலையை அது உருவாக்க வேண்டும்.

இத்தகைய பணிக்கு ஒரு வடிவம் முப்பது ஆண்டுகளாகவே இருக்கிறது. 1995-இன் தொடக்கத்தில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச்சுடன் சேர்ந்து 'வெப்குவெஸ்ட்' என்னும் பாட அமைப்பை உருவாக்கினார். முதலில் ஓர் அறிமுகம். அடுத்து மாணவர் செய்து முடிக்க வேண்டிய பணி. அதைச் செய்யும் படிநிலைகள். ஆசிரியர் தேர்ந்தெடுத்துத் தரும் இணையப் பக்கங்கள். எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்னும் அளவுகோல். கடைசியில் ஒரு முடிவுரை. குறுகிய பணி ஒன்றிலிருந்து மூன்று பாடவேளைகளில் முடியும். நீண்டது ஒரு மாதம் வரை போகும். இந்த அமைப்பின் உயிர்நாடி, பிள்ளைகளை வலையில் அலையவிடாமல் இருப்பதுதான். தேடி அலையும் நேரத்தை ஆசிரியர் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார். கிடைத்ததை வைத்து யோசிக்கும் நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிறார்.

அதே 1995-இன் அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த ஒன்றைத் தமிழாசிரியர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய தளம் ஒன்றை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். தமிழ் எழுத்துகள் உலக வலையில் காலடி வைத்த மிக ஆரம்ப நிகழ்வுகளில் அது ஒன்று. அதன் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி: சிறுகதை எழுத்தாளர், தேசிய கல்விக் கழக விரிவுரையாளர், 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1997-இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தியவரும் அவரே. 1999-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த ஒருவர்தான் தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்தார். இணையத்தைத் தமிழ் வகுப்பறைக்குக் கொண்டுவரும் பாதி வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

கருவிகளுக்குச் சிங்கப்பூரில் குறைவில்லை. 1997 ஏப்ரலில் கல்வி அமைச்சு அறிவித்த முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்துக்கு 2 பில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினித் துணையுடன் நடக்க வேண்டும், இரண்டு மாணவருக்கு ஒரு கணினி இருக்க வேண்டும் என்பன 2002-க்குள் எட்ட வேண்டிய இலக்குகள். அதைத் தொடர்ந்து மேலும் மூன்று பெருந்திட்டங்கள் வந்தன. 2018-இல் எல்லாப் பள்ளிகளுக்கும் 'மாணவர் கற்றல் தளம்' கிடைத்தது. 2020 ஏப்ரல் 8-ஆம் தேதி கிருமிப்பரவலால் பள்ளிகள் அனைத்தும் வீட்டிலிருந்து கற்பதற்கு மாறியபோது, அந்தத் தளம்தான் தாங்கிப்பிடித்தது. ஆக, கம்பியும் திரையும் கணக்கும் கடவுச்சொல்லும் தீர்ந்துபோன பிரச்சினைகள். தீராதது, திரையில் என்ன கேட்பது என்பது.

கேள்வி சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும்? 'வெப்குவெஸ்ட்' என்ற பெயரில் உலகெங்கும் உருவான பணிகளில் பல, பழைய பயிற்சித்தாளுக்கு இணைப்புகளை ஒட்டிய வடிவமாகவே நின்றுவிட்டன. இந்தப் பக்கத்துக்குப் போ, மூன்று கேள்விக்கு விடை எழுது. அந்தப் பக்கத்துக்குப் போ, படத்தை எடுத்து ஒட்டு. பிள்ளை விடையை நகலெடுக்கிறது, ஒன்றையும் உருமாற்றவில்லை. ஜேசன் அபிட், ஜான் ஓஃபஸ் ஆகிய இருவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் எழுதிய மதிப்பீடு இதை நிதானமாகச் சொல்கிறது. மாணவர்களுக்கு இத்தகைய பணி பிடிக்கிறது, சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் கூடுகிறது. ஆனால் பாட அறிவில் மற்ற முறைகளைவிட மேலானது என்று உறுதியாகக் கூற ஆய்வுகள் இடம் தரவில்லை. தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள ஆசிரியருக்கு இது கசப்பான முடிவுதான். ஆயினும் அதை மறைத்துவிட்டு வாதிடுவதில் நேர்மை இல்லை.

அந்த முடிவுக்கு எதிர்த்திசையில் நிற்பவர் சுகதா மித்ரா. 1999-இல் டெல்லி கல்காஜியில் ஒரு சுவரில் துளையிட்டுக் கணினியைப் பொருத்திப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டவர். பெரியவர் தலையீடு இல்லாமலே பிள்ளைகள் கூட்டாகக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்குக் கடுமையான சோதனை நடந்தது ஒரு தமிழ் ஊரில். தென்னிந்தியாவின் காளிக்குப்பம் என்னும் சிற்றூரில், தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்திலேயே கணினியில் ஏற்றிக் கொடுத்தார்கள், சொல்லித்தர ஆளில்லை. சில வாரங்களில் அவர்களின் மதிப்பெண், அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரிடம் கற்று எட்டிய அளவை நெருங்கியது. அங்கே நின்றும்விட்டது. பிறகு, பாடம் தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒருவர் பக்கத்தில் நின்று, "இது எப்படி? மறுபடி காட்டு" என்று ஊக்கம் தரத் தொடங்கினார். அதன்பின் மதிப்பெண் டெல்லியின் வசதியான தனியார் பள்ளி அளவுக்கு ஏறியது. மித்ராவும் ரீத்து டங்வாலும் 2010-இல் வெளியிட்ட அந்த ஆய்வின் தலைப்பிலேயே 'எல்லைகள்' என்ற சொல் இருக்கிறது.

காளிக்குப்பத்தை ஆசிரியர் தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அதன் இரண்டாம் பாதியைப் படிப்பவர்களுக்கு அது நேரெதிரான சான்று. பாடமே அறியாத ஒருவரின் அருகாமை அவ்வளவு செய்யுமானால், பாடமும் அறிந்து, மூலங்களையும் முன்கூட்டிப் படித்து, கேள்வியையும் செதுக்கி வைத்திருக்கும் ஓர் ஆசிரியர் இன்னும் எவ்வளவோ செய்யலாம். 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும், வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் ஏன் தோற்கிறது என்று விளக்கி எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. புதிதாகக் கற்பவரின் நினைவாற்றல் சிறிய பாத்திரம். தேடல், வாசிப்பு, தெரிவு, எழுத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் வழிந்துவிடும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டே ஹ்மெலோ-சில்வரும் உடன் எழுதியவர்களும் பதில் தந்தார்கள்: நல்ல ஆய்வுவழிக் கற்றலில் வழிகாட்டல் குறைவாக இருப்பதில்லை, அது பணியின் அமைப்புக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால் அவர்கள் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது தெரிகிறது. கட்டடம் எழும்பும்போது சாரம் கட்டுவதுபோல் என்று 1976-இல் உட், புரூனர், ராஸ் ஆகியோர் சொன்ன அந்த உவமையின் இரு பக்கங்களைத்தான் இரு தரப்பும் பேசுகின்றன.

பிள்ளைகளின் தீர்ப்பு ஆற்றலை மட்டும் நம்பி வலையில் விடலாமா? 'பசிபிக் வடமேற்கு மரவாழ் எண்காலி' என்று இல்லாத ஓர் உயிரினத்தைப் பற்றி வேடிக்கைக்காக உருவாக்கப்பட்ட தளம் ஒன்று உண்டு. மரத்தில் வாழும் அந்தக் கடல் உயிரி அழிந்துவருவதாகவும், அதைக் காப்பாற்ற வேண்டும் என்றும் தளம் சொல்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டொனால்டு லூ அதை அமெரிக்காவின் ஏழாம் வகுப்பு மாணவர் 25 பேரிடம் காட்டினார். அவர்கள் இணைய வாசிப்பில் தேர்ந்தவர்கள். 24 பேர் நம்பினார்கள். 2018-இல் நெதர்லாந்தில் அதே சோதனையைத் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் திரும்பச் செய்தபோது, 27 பேரில் பொய்யைக் கண்டுபிடித்தவர்கள் இருவர். திரையை விரலால் தள்ளத் தெரிந்த பிள்ளைக்குத் திரையில் உள்ளதை எடைபோடவும் தெரியும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பைக் கைவிட இந்த இரண்டு எண்களே போதும்.

தமிழ் வகுப்புக்கு வருவோம். இங்கே இன்னொரு முடிச்சு விழுகிறது. சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் படிப்பது இறக்கத்தில் சைக்கிள் ஓட்டுவது போல, தமிழில் படிப்பது ஏற்றத்தில் மிதிப்பது போல. இணையத்தைத் திறந்துவிட்டால் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலப் பக்கத்தில் தகவலை எடுத்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வெளிவரும் தமிழை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை தமிழில் ஒரு வாக்கியம்கூடப் படித்திருக்காது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அந்த ஒரு மணி நேரத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கிவிட்டன.

டாட்ஜ் 2001-இல் நல்ல பணிக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி: சிறந்த தளங்களைக் கண்டுபிடி. ஆங்கில வகுப்புக்கு அது தேர்வுப் பிரச்சினை, பத்தில் எது நல்லது என்று பார்க்க வேண்டும். தொடக்கநிலைத் தமிழ் வகுப்புக்கு அது இருப்புப் பிரச்சினை. தமிழ் விக்கிப்பீடியா 2003-இலிருந்து வளர்ந்துவருகிறது. மதுரைத் திட்டமும் நூலகத் திட்டமும் ஆயிரக்கணக்கான நூல்களைக் காப்பாற்றியிருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகம் 1965-க்குப் பிந்தைய ஐம்பது ஆண்டு இலக்கிய நூல்களை மின்வடிவாக்கி 2015-இல் நாட்டுக்குப் பொன்விழாப் பரிசாகத் தந்தது. எல்லாம் அரிய செல்வங்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளை தன்னந்தனியாகப் படித்துப் புரிந்துகொள்ளும் நடையில், சிங்கப்பூர்த் தெரு ஒன்றைப் பற்றிய பக்கம் அவற்றில் எத்தனை? முதல் விதியிலேயே தமிழாசிரியர் முட்டிக்கொண்டு நிற்கிறார்.

டோபி காட்டை வைத்தே இதை அவிழ்த்துப் பார்க்கலாம்.

பணி இப்படி இருக்கலாம்: டோபி காட் நிலையத்தில் ஒரு சிறு தகவல் பலகை வைப்பதாகக் கொள்வோம். அதில் தமிழில் நான்கே வாக்கியங்களுக்கு இடம். எதை எழுதுவது, எதை விடுவது, ஊரின் எந்தப் பெயரை முதலில் போடுவது என்று நால்வர் கொண்ட குழு முடிவுசெய்து, தன் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விக்கு இணையத்தில் விடை இல்லை, விடைக்கான துண்டுகள் மட்டுமே இருக்கின்றன. நான்கு வாக்கியம் என்ற வரம்பு விளையாட்டுக்கு வைத்ததல்ல. இடம் குறைந்தால்தான் எது முக்கியம் என்று பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாதாடுவார்கள்.

குழுவில் ஒருவர் தண்ணீரைத் தேடுகிறார். பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே வைத்து ஓடை எங்கே போயிற்று என்று பார்க்கிறார். 2010 ஜூன் 16-ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கிய செய்தி அவருக்குக் கிடைக்கும். குப்பை அடைத்துக்கொண்டதால் நீர் வழிந்தது அதே ஸ்டாம்ஃபோர்டு கால்வாயில்தான். அதன்பிறகு நிலத்தடி நீர்த்தேக்கத் தொட்டியும் திசைதிருப்புக் கால்வாயும் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. சலவைத் துறையிலிருந்து வெள்ளத்தடுப்பு வரை ஒரே நீரின் கதை. அறிவியலும் வரலாறும் இங்கே தனித்தனிப் பாடங்களாக நிற்கவில்லை.

இன்னொருவர் போர்க்காலத்தைப் பார்க்கிறார். நிலையத்துக்கு எதிரே ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஒய்எம்சிஏ கட்டடம் ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது கெம்பெய்த்தாய் இராணுவக் காவல் படையின் பிடியில் இருந்தது. அங்கே நடந்த சித்திரவதைகள் பதிவாகியுள்ளன. எந்தப் படத்தைக் காட்டுவது, எந்தச் சாட்சியத்தைத் தவிர்ப்பது என்று ஆசிரியர் முன்பே தீர்மானித்திருக்க வேண்டிய இடம் இது. தேடுபொறிக்குப் பிள்ளையின் வயது தெரியாது. மூன்றாமவர் உழைப்பைப் பார்க்கிறார். நிலையத்துக்குப் பின்னால், அன்று ஆளுநர் மாளிகையாக எழுந்த இஸ்தானாவை 1867 முதல் 1869 வரை கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். பக்கத்துத் துறையில் துணி வெளுத்தவர்களும் இந்தியர்கள். ஆளுநர் மாளிகையின் சுவரையும் நகரத்தின் உடுப்பையும் வெண்மையாக்கிய கைகளின் பெயர் எதிலும் இல்லை என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும்.

நான்காமவருக்குப் பெயர்கள். தமிழ் வகுப்பின் மையம் இங்கேதான் இருக்கிறது. பலகையில் உள்ள பெயர் இந்துஸ்தானி. தமிழர்கள் வாயில் வழங்கிய பெயர் வண்ணான் தெரு. அதே பொருளுக்குத் தமிழில் வண்ணாந்துறை என்ற பழைய சொல்லும் உண்டு. சென்னையில் வண்ணாரப்பேட்டை இருக்கிறது, அதுவும் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர். இந்தப் பெயர்களை ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ரோமன் எழுத்தில் பார்த்தால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. 'வண்ணம்', 'வண்ணான்', 'துறை', 'பேட்டை' என்று தமிழில் பிரித்தால்தான் பூட்டுத் திறக்கும். தமிழ் மூலத்தைத் தவிர்க்க முடியாததாக்குவது என்று மேலே சொன்னது இதைத்தான். ஆங்கிலத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒரு திறவுகோல் பணிக்குள் இருக்க வேண்டும். அது ஒரு சொல்லாக இருக்கலாம்; பழைய நாளிதழ் விளம்பரமாக இருக்கலாம்; தாத்தாவின் குரலாக இருக்கலாம்.

அந்தச் சொல்லே ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. வண்ணான் என்பது தொழிலின் பெயர் மட்டுமன்று, சாதியின் பெயரும் கூட; ஒருவரைத் தாழ்த்தப் பயன்பட்ட சொல். மரியாதை விகுதி இல்லாமல் அது நிற்பதைப் பிள்ளைகளே கவனிப்பார்கள். 'வண்ணாரப்பேட்டை'யில் இருக்கும் 'ஆர்' இங்கே ஏன் இல்லை? இன்றைக்கு எழுதும் பலகையில் பழைய பெயரை அப்படியே போடுவதா, 'சலவைத் தொழிலாளர் தெரு' என்று மாற்றுவதா, பழைய பெயரைப் போட்டு அருகில் விளக்கம் தருவதா? பத்து வயதுக்கு இந்தக் கேள்வி கனமானது என்று சிலர் தயங்கலாம். ஆனால் தானாகவே தேடிப்போகும் பிள்ளைக்கு இந்தச் சொல் எந்தத் துணையும் இல்லாமல் எதிர்ப்படும்; வகுப்பில் எதிர்ப்பட்டால் பக்கத்தில் ஆசிரியர் இருக்கிறார். எந்தச் சொல் யாரைப் புண்படுத்தும் என்று யோசித்துப் பழகுவதும் மொழிப்பாடமே.

மூலங்களுக்கு என்ன செய்வது? தேசிய நூலக வாரியத்தின் மின்னாளிதழ்த் தொகுப்பும், தேசிய ஆவணக் காப்பகத்தின் படங்களும், 1979-இலிருந்து திரட்டப்பட்டுவரும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் யாரும் பார்க்கத் திறந்திருக்கின்றன. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்களும் மின்வடிவில் உண்டு. ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டினால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய 'லை', 'னை' வடிவங்களின் கொம்பைப் பார்த்து, இது என்ன எழுத்து என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். தேடும்போது 'டோபி காட்', 'டோபிகாட்', 'தோபி காட்' என்று எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஒலிபெயர்ப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி பாடநூலில் கிடைக்காது.

இவை எல்லாம் இருந்தும் பிள்ளை தனியே படிக்கத்தக்க தமிழ்ப் பத்திகள் போதாது. அதற்கு ஒரே வழி, ஆசிரியரே எழுதுவது. ஆங்கிலத்திலுள்ள நூலகக் கட்டுரையையும் வாய்மொழிப் பதிவையும் படித்துவிட்டு, தொடக்கநிலை 4-க்கு ஏற்ற தமிழில் பத்துப் பத்து வரிகளாக நான்கு மூலங்களை எழுதி, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்புடன் மாணவர் கற்றல் தளத்தில் ஏற்ற வேண்டும். நான்கில் ஒன்றில் வேண்டுமென்றே ஒரு தவறான ஆண்டை வைத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பிள்ளைகள் பிடிக்கிறார்களா என்று பார்க்கலாம், பணி முடிவதற்குள் அதை வெளிப்படையாகத் திருத்திவிட வேண்டும் என்பது நிபந்தனை. மரவாழ் எண்காலிக்கு மருந்து இத்தகைய சிறு சிறு ஒப்பீடுகள்தான். சாம் வைன்பர்க்கும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் தகவல் சரிபார்ப்போரைக் கவனித்துக் கண்டறிந்ததும் இதுவே: தேர்ந்தவர்கள் ஒரே பக்கத்தில் குந்தியிருப்பதில்லை, உடனே பக்கத்து மூலத்துக்குத் தாவி இது என்ன சொல்கிறது என்று பார்க்கிறார்கள்.

இணைப்புகளைத் தளத்துக்குள்ளேயே பத்திரப்படுத்திக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் காணாமற்போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் ஆசிரியர்கள் உழைத்துச் செய்த பணிகளில் எத்தனையோ, இப்படி இணைப்பு அறுந்துதான் மாண்டன.

மதிப்பீட்டில்தான் வழக்கமாகச் சறுக்கல் நேர்கிறது. அழகிய படவில்லைகளுக்கு மதிப்பெண் போகிறது. டோபி காட் பணியில் நான்கு வாக்கியங்களுக்குப் பாதி மதிப்பெண்ணும், ஒரு தகவலைக் கைவிட்டதற்குப் பிள்ளை வாயால் தமிழில் சொல்லும் காரணத்துக்கு மறுபாதியும் தரலாம். 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவின் பரிந்துரைக்குப் பிறகு சிங்கப்பூரில் பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் தனி இடம் கிடைத்திருக்கிறது; அந்த இடத்தை நிரப்ப இதுபோன்ற வாதம் நல்ல சரக்கு. "வெள்ளத்தப் பத்தி எழுதல, ஏன்னா அது பெயரோட சம்பந்தப்படல" என்று ஒரு பிள்ளை சொன்னால், செயலி எதுவும் அதற்கு எழுதித்தந்திருக்காது. சமூகவியல் பாடத்திட்டம் ஏற்கெனவே ஆர்வத்தைத் தூண்டு, தரவைத் திரட்டு, காரணம் காண், திரும்பிப் பார் என்ற ஆய்வுச் சுழற்சியைத் தொடக்கநிலைக்கு வகுத்திருக்கிறது. அந்தப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. அதே சுழற்சியின் ஒரு சுற்றைத் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டால், பிள்ளைக்கு இரு பாடங்களும் ஒன்றையொன்று தாங்கும்.

இத்தனைக்கும் தேவைப்படுவது ஆசிரியரின் நேரம். மூன்று பாடவேளைப் பணி ஒன்றுக்கு மூலம் தேடி, படித்து, எழுதி, சோதித்து ஏற்ற ஒரு வாரத்து மாலைகள் முழுதும் போகும். தமிழாசிரியர் எண்ணிக்கை குறைவு. ஒருவர் பல நிலைகளுக்குப் பாடம் எடுப்பதும் உண்டு. ஆகவே ஒருவர் செய்த பணி மற்றப் பள்ளிகளுக்கும் போக வேண்டும். ஒரு பள்ளி டோபி காட்டை எடுத்தால், இன்னொன்று தேக்காவையும், வேறொன்று செட்டித் தெருவையும் எடுக்கலாம். வட்டாரத்துக்கு ஒன்று என்று இருபது பணிகள் சேர்ந்தாலே தொடக்கநிலைக்கு இதுவரை இல்லாத ஒரு தமிழ் மூலத் தொகுப்பு உருவாகிவிடும். கருவிகளுக்கு 1997-இல் காட்டிய தாராளத்தை, ஆசிரியருக்குப் பாடவேளை குறைத்து எழுதும் நேரமாகத் தருவதில் அமைச்சு காட்ட வேண்டும். பணியின் தரம் வாங்கும் கணினியில் இல்லை என்பதை ஆய்வுகள் போதுமான அளவு சொல்லியாயிற்று.

பணியின் கடைசிப் பாடவேளையைத் திரையில்லாமல் வைக்கலாம். டோபி காட் நிலையத்திலிருந்து ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில் நடந்தால், கேனிங் ரைசில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பிள்ளைகள் திரையில் பார்த்த படங்களையும் கேட்ட குரல்களையும் காத்துவைத்திருக்கும் நிறுவனம் அது. காப்பகம் அங்கே குடிபெயர்ந்தது 1997-இல், முதல் பெருந்திட்டம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில். அதற்கு முன்பு அந்தக் கட்டடத்தில் இயங்கிவந்தது ஒரு தொடக்கப்பள்ளி.